நான்கு மாதம் விழுங்கிய மருந்து

எனக்கு முதலில் வந்தது இருமல் இல்லை. பேச்சு குறைந்தது. நான் எப்போதுமே அதிகம் பேசாதவன் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. என் மனைவி விஜயாதான் ஒருநாள் கேட்டாள்.

"இன்னாத்துக்கு எல்லாத்துக்கும் தலைய மட்டும் ஆட்டுற? வாயில கொழுக்கட்டையா வச்சினு இருக்க?"

ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது என்று அவளிடம் சொல்வதற்கே நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பு ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். இரும்பைக் காய்ச்சி மணல் அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்து, இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டித் தேய்த்து எடுப்பது என் வேலை. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வோம். சாயங்காலம் துண்டை உதறினால் மாவு மாதிரி கொட்டும். துண்டில் தங்காதது எங்கே போனது என்று நான் யோசித்ததில்லை.

காசநோயாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். சளியைச் சோதித்ததில் இல்லை என்று வந்தது. திருவள்ளூரில் நுரையீரல் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சிலிகோசிஸ் (மணல் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாவது) என்றார். மூச்சுக்குழாயும் சுருங்கியிருந்தது. தழும்பு ஆறாது, சுருக்கத்துக்கு மருந்து உண்டு, மணல் பக்கமே இனிப் போகக் கூடாது என்றார். வேலையை விட்டேன்.

மருந்து கேப்சூலாகக் கொடுத்தார்கள். கூடவே ஒரு சிறிய பெட்டியில் இன்ஹேலர் (மருந்துத் தூளை வாயால் உறிஞ்சும் கருவி) இருந்தது. பெட்டிக்குள் இருந்த காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். மூச்சு ரொம்ப முட்டினால் எடுப்பதற்கான கருவி என்று நானாக முடிவு செய்து பீரோவில் பத்திரமாக வைத்தேன். கேப்சூலைக் காலையிலும் இரவிலும் தண்ணீர் விட்டு விழுங்கினேன். நான்கு மாதம்.

ஒவ்வொரு முறையும் மருத்துவர், "மருந்து சரியா எடுக்கிறீங்களா?" என்பார். தலையாட்டுவேன். நான்காவது முறை அவர், "எப்படி எடுக்கிறீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்றார். நான் கேப்சூலைப் பிரித்துக்கொண்டு தண்ணீர் எங்கே என்று பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. தன் மேசையில் இருந்த கருவியில் கேப்சூலைப் போட்டு, திருப்பி உடைத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வேகமாக உள்ளே இழுக்கச் சொன்னார். விழுங்கினால் மருந்து வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்குப் போகாது என்றார். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அந்த வெட்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

அவர்தான் கும்மிடிப்பூண்டியில் எங்களைப் போன்றவர்கள் கூடும் குழுவைப் பற்றிச் சொன்னார். "பேசக்கூட வேணாம், போய் உட்காருங்க" என்றார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பள்ளி வகுப்பறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நாங்கள் பன்னிரண்டு பேர் முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்போம். சரளா என்ற நர்ஸ் வந்து உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடச் சொல்லித் தருவார். "எல்லாரும் இன்ஹேலர் ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்பார். "எடுக்கிறோம் சிஸ்டர்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

குழுவைச் சிரிக்க வைப்பவர் தனசேகர் அண்ணன். தேர்வாய் கண்டிகையில் இரும்பின் மேல் மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலை பார்த்தவர். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, மூணு மாசமா வர்ற. உன் பேரு இன்னான்னு ஒருத்தருக்கும் தெரியல."

"ஏழுமலைண்ணா."

"நமக்கு ரெண்டு படி ஏறவே நாக்கு தள்ளுது. உனுக்கு ஏழு மலையா?"

நானும் சிரித்தேன். ஆனால் அவர் மாதத்துக்கு மாதம் மோசமாகிக்கொண்டிருந்தார். அன்று டீ வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்தார். வாயில் போட்டு டீயைக் குடித்தார். நான் இழுக்கும் அதே மருந்து. பாதி வெள்ளை, பாதி நீலம்.

சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். என் கதையை அத்தனை பேர் நடுவில் சொல்ல வேண்டிவரும். அவர் வாயில் விழுந்தால் நான்தான் அந்த வருடத்தின் வேடிக்கை. சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தம்வரை இருவரும் நின்று நின்று நடந்தோம். வேறு யாரும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சரளா சிஸ்டர் சொன்னார்.

மறுநாள் போனேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அவர் மனைவி அம்சா அக்கா ஒரு துணிப்பையைக் கட்டிலில் கொட்டினார். காலி மருந்து அட்டைகள். நடுவில் அந்தப் பெட்டி, ஒட்டிய டேப் பிரிக்காமல் இருந்தது.

"ஒரு வேள தவற உடலப்பா. நானே தண்ணி மொண்டு குடுத்து முழுங்க வச்சேன்."

பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். எப்படி இழுப்பது என்று சொன்னேன். தனசேகர் அண்ணன் மாஸ்கை இறக்கினார்.

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"நானும் நாலு மாசம் முழுங்கினேன்ணா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நான் டீ குடிக்கசொல்ல பக்கத்துலதான குந்தினு இருந்த?"

"பாத்தேன்ணா."

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

யாரும் சிரிக்கவில்லை. அவரே மாஸ்கை ஏற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

வெளியே வந்து மருத்துவரிடம் கேட்டேன். அதற்கு முன் எந்த மருத்துவரிடமும் நானாக எதையும் கேட்டதில்லை. "சரியா எடுத்திருந்தா இப்டி ஆயிருக்காதா சார்?"

"மணல் பண்ணினதை எந்த மருந்தும் மாத்தாது. ஆனா இவ்வளவு சீக்கிரம் இந்த நிலைமை வந்திருக்காதுன்னு நினைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இன்னும் இருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், அவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்து வைக்கக் கூடாது. "நான் அந்தக் கேப்சூலை" என்பதோடு நின்றுவிட்டேன். மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தார்கள். மூச்சு இருந்தது. வெட்கம்தான் தடுத்தது. அவர்கள் பொறுமையாகக் காத்திருந்ததால் வேறு வழியில்லாமல் சொல்லி முடித்தேன். தனசேகர் அண்ணன் விழுங்கியதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

செங்கல் சூளையில் வேலை செய்த சரசம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் ஊட்லயும் அந்தப் பொட்டி பிரிக்காமதான் கீது."

இப்போது கூட்டத்தில் கேள்வி கேட்பதோடு விட்டுவிடுவதில்லை. அவரவர் மருந்தை எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்ட வேண்டும். இதைப் படிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். எடுக்கிறேன் என்று சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள்.

தனசேகர் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆக்சிஜன் கருவியின் குழாய் எட்டும் தூரம்தான் அவர் நடமாட்டம். கூட்டத்துக்கு வர முடியாது. நான் போன் செய்தால் பேசுகிறார், குறைவாக. மூச்சில்லாததால் குறைவா, பேசுவது நான் என்பதால் குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆலையில் இருந்தபோது ஒரு மாதம் எப்படிப் போனது என்றே தெரியாது. இப்போது காலையில் மருந்தை இழுத்து, உள்ளே நிறுத்தி, பத்து எண்ணுகிறேன். ஆறிலேயே நெஞ்சு அடைக்கிறது. ஆறிலிருந்து பத்துக்குப் போவது பெரிய தூரம். அவரிடம் சொல்வதை நான் தள்ளிப்போட்டது முப்பது நாள்.