கட்டிங் மேசையை எடுத்தது யார்?

ஒருங்கிணைப்பாளர் சார், மணமேல்குடி தையல் பயிற்சி மையத்திலிருந்து கட்டிங் மேசையை எடுக்கச் சொன்னவர் நீங்கள். இடம் போதவில்லை என்று சொன்னது பொய்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் ஆசிரியைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்களிடம் வரும் பெண்கள் புருஷன் விட்டுப் போனவர்கள், புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள், படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள். முன்பெல்லாம் கட்டிங்கில்தான் ஆரம்பிப்போம். பழைய பேப்பரில் வெட்டி வெட்டிக் கை படிந்த பிறகே துணியைத் தொடவிடுவேன். திருச்சிப் பக்கத்து கார்மெண்ட் கம்பெனி ஒன்றுக்கு ஆள் அனுப்ப நீங்கள் ஒத்துக்கொண்டதும் மேசை போனது, கத்தரியும் போனது. ஏற்கெனவே வெட்டி வந்த துணியில், பவர் மெஷினில் நேர்த்தையல், காலர், கை. அத்தோடு பயிற்சி முடிந்தது.

ஏன் என்று கேட்க உங்கள் அறைக்கு வந்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்: "கட்டிங் கத்துக் குடுத்தா அவங்கவங்க வீட்ல போர்டு மாட்டிருவாங்க. அப்பறம் கம்பெனிக்கு யாரும்மா போறது?"

உங்கள் தலைக்கு மேலே 'சொந்தக் காலில் நிற்போம்' என்று பேனர் தொங்கியது.

மேசை போன பிறகு நடந்த பேட்சில் படித்தவள் செல்வி. புருஷன் போன இடம் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் மகளை விட்டுவிட்டுக் கம்பெனி விடுதியில் தங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய மெஷினை வாசலில் போட்டாள். சர்டிபிகேட்டை லேமினேட் செய்து சுவரில் மாட்டினாள்.

முதல் துணி பக்கத்து வீட்டுச் சரசுவுடையது. மகள் கல்யாணத்துக்குக் கட்ட எடுத்த பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணி. நம் பக்கம் பெண்கள் உடம்பில் டேப் வைக்க விட மாட்டார்கள், பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுப்பார்கள். செல்வி அதைப் பட்டின் மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டிவிட்டாள். உள்ளே மடித்துத் தைத்திருக்கும் துணியையும் மார்பு வளைவுக்காக டார்ட் என்று மடித்துப் பிடித்த துணியையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ரவிக்கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

சரசு அதைக் கையில் பிடித்துக்கொண்டு மையத்துக்கே வந்தார்.

"ஒங்ககிட்டதான் படிச்சாளாமே டீச்சர்? இத எங்க வீட்டுக் கோழிக்குத்தான் மாட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் செல்வியிடம் துணி கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளே வந்தாள்.

"சர்டிபிகேட்டக் கழட்டி வச்சிட்டேன் டீச்சர். கம்பெனி வேன் எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க. பாப்பாவ ஆவுடையார்கோவில்ல அத்த வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் பழைய பேப்பர எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

வந்தாள். என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வெட்டினாள். போன வாரம் பருத்தியில் ஒரு ரவிக்கை தைத்து, சரசுவிடமே கொண்டு போனாள். முதுகில் இன்னும் சுருக்கம் விழுகிறது. ஆனால் கையைத் தூக்க முடிகிறது என்றார் சரசு. அவளுக்குக் கட்டிங் சொல்லிக் கொடுத்ததற்குத்தான் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறீர்கள், மைய விதியை மீறினேனாம்.

இத்தனை வருடத்தில் நான் படித்த பாடம் இதுதான். வெட்டத் தெரியாமல் தைக்க மட்டும் தெரிந்த பெண், யாராவது வெட்டிக் கொடுப்பார்களா என்று காத்துக் கிடப்பாள். அப்படிக் கிடக்கத்தான் அவளைப் பழக்குகிறோம்.

அடுத்த பேட்ச் திங்கட்கிழமை தொடங்குகிறது. மேசை இன்னும் வரவில்லை. வருகிற கிராம சபைக்கு வாருங்கள் சார். செல்வி முன்வரிசையில் இருப்பாள். மைக்கைப் பிடித்து, உங்கள் அறையில் என்னிடம் சொன்னதை அவள் முகத்தைப் பார்த்து ஊர் கேட்கச் சொல்லுங்கள்.