மொபெட்ல போன கையெழுத்து

பேண்டேஜ் தறிப் பட்டறையில பேங்க் வேலை பாக்குற ஆளுக்குச் செருப்பு தேயும், வாய் நீளும். என்னைய மாதிரி கவுண்டர் முன்னால நின்னு காலு வீங்குன சேக்காளிகளா, கேளுங்க.

செக்கைத் தொடாத அண்ணாச்சி

எங்க முதலாளிக்கு ராஜபாளையத்துல தறி. நூலு வாங்குறது ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சிகிட்ட. அவிய செக்கைத் தொடமாட்டாவ, டிடிதான். முன்கூட்டியே ரூவாயை வாங்கிக்கிட்டு, பேங்கே 'நான் தாரேன்'னு கையெழுத்துப் போட்டுக் குடுக்குற காகிதம்லா. அந்த வாரம் நூல் தீர்ந்துபோச்சு. சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா தறி நிக்கும், ஆஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போகும், தறிக்காரவியளும் வேற பட்டறை பாத்துப் போயிருவாவ. ராஜபாளையம் கிளையில எடுத்த டிடியோட பஸ் ஏறுனேன். அண்ணாச்சி அதை வெயில்ல தூக்கிப் பாத்தாரு.

"மொதல்ல பேங்க்ல பாஸாகட்டும் தம்பி, பொறவு நூல் மூட்டையில கைய வை."

புஸ்தகத்துல இல்லாத மனுசன்

அதே பேங்குதான், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை. அங்க ஆபீசர் மாதிரிக் கையெழுத்துப் புஸ்தகத்தைப் புரட்டிட்டு டிடியைத் தள்ளிட்டாரு. ராஜபாளையத்துல கையெழுத்துப் போட்டவரு புதுசா மாத்தலாகி வந்தவராம். அவரோட மாதிரிக் கையெழுத்து இன்னும் இங்க வரலையாம். "சார், உங்க பேங்கு, உங்க சீலு, உங்க ஆளு. நான் என்ன வீட்டுலயா அச்சடிச்சேன்? ஒரு போனு போட்டுக் கேளுங்க"ன்னேன்.

"போன்ல குரல்தாம்ப்பா வரும், கையெழுத்து வருமா?"

மாப்பிள்ளை ஊர்வலம்

சரி, கையெழுத்து வராட்டி கையவே கொண்டுவாரேன்னு, மறுநாள் அந்தப் புது ஆபீசரைக் கெஞ்சிக் கூத்தாடி மொபெட்ல ஏத்துனேன். வழியெல்லாம் என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு மனுசன். கவுண்டர்ல நிறுத்துனேன். வெள்ளைத் தாள்ல போட்டுக் காமிச்சாரு. டிடியில இருக்குறது அப்படியே அச்சு அசல். அவருக்குக் காப்பியெல்லாம் வாங்கிக் குடுத்தாவ. எனக்கு இல்லை.

"ஆளு சரி, கையெழுத்தும் சரி. புஸ்தகத்துல ஏறட்டும், பாஸ் பண்ணிருதேன்."

யாரு பொறுப்பு

அது ஏறுறதுக்குள்ள சனிக்கிழமை போச்சு. அண்ணாச்சி நூலைத் தளவாய்புரத்துக்காரவுகளுக்கு வித்துட்டாரு, ஆர்டரும் அங்கயே போயிருச்சு. நட்டத்தைக் கட்டுன்னு முதலாளி பேங்குக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டாரு. பேங்க் மேனேஜர் பட்டறைக்கே வந்து, "உங்க பணம் பத்திரமா இருக்கு, நட்டத்துக்கு நாங்க எப்படிங்க பொறுப்பு?"ன்னாரு. சும்மா நின்ன தன்னோட தறிகிட்ட உக்காந்திருந்த தறிக்கார மாரியக்கா எந்திரிக்கக்கூட இல்லை.

"தாரேன்னு சொன்னது நீங்கதான சார், இல்ல அதுக்கும் வேற ஆளைக் கூட்டிட்டு வரணுமா?"

கடைசியில பேங்கு நட்டத்தைக் கட்டத்தான் செஞ்சுது, அதுக்குள்ள தறிக்காரவிய பாதிப்பேரு தளவாய்புரத்துல தறி ஓட்டிக்கிட்டு இருந்தாவ, எங்க பட்டறையில மிஞ்சுனது நியாயம் மட்டுந்தான்.