ஒன்பதடிக் கார்பெட்டும் ஆறடி மூலையும்

1997 ஜனவரி. நியூஜெர்சியில் பிஸ்கட்டவே பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. ஓட்டல் சமையலுக்கென்று அமெரிக்கா வந்தவன் நான். ஓட்டலை மூடிவிட்டார்கள். பக்கத்து ஊரான ஐசலினில் ஒரு கார்பெட் கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கிய அன்றே பள்ளியை விட்டு ரயிலேறியவன். அதன்பிறகு ஒரு வகுப்பறைக்குள் காலை வைத்தது அன்றுதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் மூலைக்காக முதலாளி ஒரு மிச்சத் துண்டை இலவசமாகக் கொடுத்திருந்தார். "பொருந்தினா போட்டுட்டு வா. இல்லேன்னா திருப்பிக் கொண்டாந்துடு, வேற ஒருத்தர் கேட்டிருக்கார்" என்று சொல்லி அனுப்பினார்.

விரித்துப் பார்த்தேன். துண்டு நாலடி அகலம், ஒன்பதடி நீளம். மூலையோ ஆறடிக்கு ஆறடி. தலையை ஆட்டிவிட்டுச் சுருட்ட ஆரம்பித்தேன். குளிர் தொடங்கியதிலிருந்து சில்லென்ற தரையில் உட்கார்ந்த பிள்ளைகள். அத்தனை முகமும் வாடிவிட்டது.

டீச்சர் கேட்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு தமிழ்ச் சிறுமி முன்னால் வந்தாள். தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"வொய் நாட், அங்கிள்?"

"அகலம் ரெண்டடி பத்தல பாப்பா."

"பட் இட்ஸ் டூ லாங் ஆல்சோ!"

அதை அவள் டீச்சரிடம் சொன்னதும் அவர் கையைத் தட்டினார். அந்த வாரப் பாடமே பரப்பளவுதானாம். நாலாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகளுக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று அரசாங்கமே வைத்திருக்கிறதாம். பாடப் புத்தகங்களை மூடச் சொல்லிவிட்டு, கட்டம் போட்ட தாளும் கத்தரிக்கோலும் கொடுத்தார். ஒரு கட்டம் ஓரடி. கார்பெட் அளவுக்குத் தாளை வெட்டி, மூலையை நிரப்பிக் காட்ட வேண்டும்.

எனக்கும் ஒரு தாள் வந்தது. குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து எண்ணினேன். கார்பெட்டுக்கு முப்பத்தைந்து கட்டம் வந்தது.

"அங்கிள், யூ மிஸ்ட் ஒன்!" என்று அவள் சிரித்தாள். ஏழாம் வகுப்பில் இதற்குப் பிரம்படி விழுந்தது. இங்கே என் விரலைப் பிடித்து முதலிலிருந்து எண்ண வைத்தாள். முப்பத்தாறு. மூலைக்கும் முப்பத்தாறுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மேசையில் கூச்சல். ஒன்பதடியில் மூன்றடியைத் தனியாக வெட்டினால் ஆறடிக்கு நாலடி மிஞ்சுகிறது. அந்த மூன்றடித் துண்டை அகலத்தில் பாதியாக்கி, இரண்டையும் நீளவாக்கில் சேர்த்தால் ஆறடிக்கு இரண்டடி. நாலும் இரண்டும் ஆறு!

ஆனால் ஒரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"பாப்பா, திருப்பி வைக்கக் கூடாதுன்னு சொல்லு. கார்பெட்டுல முடி ஒரே பக்கமா படுத்திருக்கும். மாத்திப் போட்டா ரெண்டு கலரா தெரியும்."

அவள் சொன்னதும் வகுப்பே கீழே உட்கார்ந்து கார்பெட்டைத் தடவிப் பார்த்தது. "லைக் அ கேட்!" என்றான் ஒருவன், பூனையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே. எல்லாத் தாளிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டார்கள்.

கத்தியை எடுத்தேன். வெட்டு பிசகினால் அவர்களுக்குக் கார்பெட் இல்லை, எனக்கு வேலை இல்லை. கட்டத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு முறை அளந்து வெட்டினேன். அடியில் டேப் ஒட்டி, துண்டுகளை நெருக்கித் தள்ளினேன். நாலு பக்கமும் அச்சாக உட்கார்ந்தது. அடுத்த நொடி ஷூக்கள் பறந்தன. மொத்தப் பேரும் அதன்மேல் குதித்தார்கள்.

டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டினார். வரிசை முடிந்ததும் என்னிடம் வந்து, அழுக்குப் பிடித்த என் ஜாக்கெட்டிலும் ஒன்று ஒட்டினார். கணக்குக்காக நான் வாங்கிய ஒரே பரிசு அதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. இன்றும் எதையாவது பார்த்துப் பத்தாது என்று சொல்ல வாய் வரும்போது, அந்தச் சிறுமி என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். நான் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.