தமயந்தியின் பித்தளைக் குழல்

எங்கள் ஆஸ்பத்திரிச் சோதனை அறைக்குத் தமயந்தி வேலைக்கு வந்தது ஐம்பத்தாறில். பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. மதுரையில் இரத்தம் சோதிக்கப் படித்துவிட்டு, கொடைக்கானல் குளிருக்குப் பயந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் அங்கே கம்பவுண்டர். இவள் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். பதினோரு வருஷம் இருந்தாள்.

முன்பிருந்த டாக்டர் விட்டுப்போன ஸ்பெக்ட்ராஸ்கோப் ஒன்று அலமாரியில் தூசியோடு கிடந்தது. விரல் நீளப் பித்தளைக் குழல். அதில் கண்ணை வைத்தால் வெளிச்சம் வானவில்லாகப் பிரியும். வெளிச்சம் எதிலிருந்து வருகிறது, எதைக் கடந்து வருகிறது என்பதற்கேற்ப அதில் கோடுகளும் பட்டைகளும் தெரியும். அவ்வளவுதான், குழலும் கையுமாகவே திரிந்தாள். அடுப்பில் உப்பைத் தூவி மஞ்சள் கோடு பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை உச்சிக்கு நடந்துபோய், சூரியனை ஆராய்கிறவர்களின் பெரிய கருவியைப் பார்த்துவிட்டு வந்தாள். சூரியனில் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதும், இரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தான் பார்ப்பதும் ஒரே சோலிதான் என்பாள். பெருமையைப் பார் என்று சிரிப்போம்.

இரத்தத்தைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் பச்சையின் ஓரம் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரியும். ஒரு ரசாயனத்தைச் சொட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பட்டையாகிவிடும். யாரும் கேட்காமலே, கிடைத்த இரத்தத்தில் எல்லாம் இதைச் செய்து பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஐம்பத்தொன்பது தை மாதம், உறைபனி விழுந்த ஒரு காலை. கிளாவரைக் கிராமத்திலிருந்து பூண்டு விற்கக் குடும்பத்தோடு வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த பொன்னுவேலை நினைவில்லாமல் தூக்கிவந்தார்கள். அவன் மட்டும் மூட்டைக்குக் காவலாகக் கிடங்கறையில் படுத்திருந்தான். விடிந்து பார்த்தால் வாந்தி, பேச்சுமூச்சில்லை. அவன் அம்மா குப்பம்மாள் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, மருமகள் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியே கேட்கச் சொன்னாள். மருமகளைக் கட்டில் பக்கமே விடவில்லை. பிள்ளை பிழைத்தாலும் போனாலும் இவள் இனி வீட்டுப்படி ஏறக் கூடாது, போலீசுக்கும் ஆள் அனுப்பப் போகிறேன் என்றாள். டாக்டரும் சாப்பாட்டில்தான் ஏதோ என்று நினைத்தார்.

மருமகள் அன்னக்கொடி முந்தானையை இறுகப் பிடித்தபடி வாசலோரம் நின்றாள். எனக்கும் சந்தேகம் வந்தது, மறைப்பானேன்.

இரத்தம் எடுக்கப் போன தமயந்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு அன்னக்கொடி மெல்லச் சொன்னாளாம்.

"அக்கா, நாந்தான் பொடி வச்சேன். சாகட்டும்னு இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சு, மொகங்கொடுத்துப் பேசலங்க. இதக் கலந்து குடுத்தா ஆசையா இருப்பாருன்னு வத்தலக்குண்டுச் சந்தையில ஒருத்தன் குடுத்தான்."

மீதிப் பொட்டலத்தையும் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். தமயந்தி அதை என் மேசையில் வைத்தாள். ஆனாலும் வழக்கம்போல் குழலை எடுத்தாள். பொன்னுவேலின் இரத்தத்தில் ரசாயனத்தைச் சொட்டினாள். பட்டைகள் இரண்டும் சேரவே இல்லை. மறுபடி சொட்டினாள். அப்படியே நின்றன. ரசாயனம் கெட்டுவிட்டதோ என்று கேட்காமல் கொள்ளாமல் என் விரலில் ஊசியைக் குத்தினாள். என் இரத்தத்தில் பட்டைகள் ஒழுங்காகச் சேர்ந்தன.

டாக்டரிடம் ஓடினாள். கரிப்புகை இரத்தத்தைப் பிடித்துக்கொண்டால்தான் பட்டைகள் இப்படிப் பிரிந்தே நிற்கும் என்றாள். டாக்டர் தாமே குழலில் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் உருளையை உருட்டிவரச் சொன்னார். பிறகுதான் குப்பம்மாளிடம் விசாரித்தோம். கதவைச் சாத்தி, சந்துக்குச் சாக்கை அடைத்து, கிடங்கறைக்குள் குளிர்காயக் கரிச்சட்டி வைத்திருந்தார்களாம். அதுவரை யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கரிச்சட்டி இல்லாத வீடு ஏது? கம்பளி போர்த்தினோம் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அது மாதிரிதான் இதுவும்.

மத்தியானம் பொன்னுவேல் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். கரிச்சட்டியை வைத்தது யார் என்று டாக்டர் கேட்டார். குப்பம்மாள் முகத்தில் இரத்தமே இல்லை.

"நாந்தேன்யா. பிள்ள குளிர்ல கெடக்கானேன்னு வச்சேன். கதவ அடச்சதும் நாந்தேன்."

தலையில் அடித்துக்கொள்ளப் போன அந்தக் கையை அன்னக்கொடி ஓடிவந்து பிடித்தாள். பிடிக்க மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் பிடித்திருக்க மாட்டேன்.

"விடுங்க அத்தை. அவரு குளிருதுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

தமயந்தி பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை என் மேசையிலிருந்து எடுத்துக் குழாயடியில் கரைத்து ஊற்றினாள். இரத்தத்தில் கண்டதை மறைக்காதவள் இதை மட்டும் மறைத்துவிட்டாள். எனக்கு அவள் மேல் அன்றைக்கு வந்த பிரியம் பிறகு குறையவே இல்லை.

நாங்கள் திரும்பி வார்டுக்கு வந்தபோது குப்பம்மாள் கட்டிலின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். மருமகளின் தோளைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்தாள். தான் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.