எட்டு வீட்டுக்கு ஒரு ஓட்டுப்பெட்டி

"பெட்டிக்குக் கால் முளைச்சா கள்ள ஓட்டுக்கு றெக்கை முளைச்சிரும் புள்ள. காலேஜுல இதையா சொல்லிக் குடுத்தாங்க?"

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொதுக்குழுவில் என்னைப் பார்த்துக் கேட்டது இது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கையில் இருந்த தாளைக் கீழே வைக்கவில்லை.

கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகும் பாதையில் ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள். இங்கே தேயிலை கிடையாது, பூண்டும் கேரட்டும்தான். ஆனாலும் வரிசை வீடுகளை நாங்கள் இன்னும் லயம் என்றுதான் சொல்வோம். சங்க மண்டபம் மேட்டின் உச்சியில். தண்ணீர்க் குழாய், ரேஷன், பாதை என்று எதுவானாலும் அங்கேதான் பேசி முடிவு செய்வார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தலைவர் தேர்தல்.

அப்பா அந்தச் சங்கத்தின் முதல் கூட்டத்திலிருந்தே இருந்தவர். பூண்டு மூட்டையோடு சரிவில் விழுந்து இடுப்பு போன பிறகு அவர் வாசல்படியைத் தாண்டியதில்லை. அதற்கு அடுத்து வந்த தேர்தலன்று சாயந்திரம் செயலாளர் வீட்டுக்கே வந்து, "கவலப்படாதீங்கண்ணே, உங்க ஓட்டையும் சேத்துப் போட்டாச்சு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அப்போது கொடைக்கானலில் பி.ஏ. இரண்டாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்று வகுப்புத் தாண்டினாலே போதும் என்று நினைத்த வீட்டில் பட்டம் வரை வந்திருந்தேன். அந்த முதுகைப் பார்த்தபோது அதெல்லாம் எதற்கு என்று இருந்தது.

அதனால்தான் அடுத்த தேர்தலுக்கு முன்னால் அந்தத் தாளோடு பொதுக்குழுவில் நின்றேன். மேடு ஏற முடியாதவர்கள் எட்டுப் பேர். பெட்டி அவர்களிடம் போக வேண்டும். கள்ள ஓட்டு பயம் என்றால் அதற்குச் சட்டம் எழுதுவோம் என்றேன். "எழுதிட்டு வா, பாப்போம்" என்றார் செயலாளர்.

பத்து நாள் எழுதினேன். எழுத எழுத அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். "ஓட்டு போடுறப்ப மருமக பக்கத்துல நின்னா?" யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று எழுதினேன். "கண்ணு தெரியாதவங்க?" அவர்களே ஒருவரைக் கைகாட்டட்டும், அது வேட்பாளராக இருக்கக் கூடாது என்று எழுதினேன். பெட்டியோடு போட்டியிடும் இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு ஆள் போக வேண்டும். தூக்குகிறவர் எங்கள் சங்கத்தில் ஓட்டு இல்லாதவராக இருக்க வேண்டும். பெட்டி போகிற வீட்டுக்காரர்கள் யாரும் கூடப் போகக் கூடாது. அந்த விதிப்படி எனக்கும் இடமில்லை.

யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தவை இரண்டு. நாலு மணிக்கு மண்டபத்துக்குள் வராத பெட்டியைத் திறக்கவே கூடாது. அடுத்தது, எங்கள் வீடு எட்டாவதாக, கடைசியில். அப்பாவுக்காகத்தான் இந்தப் பெண் குதிக்கிறாள் என்று ஒருவர் வாயும் சொல்லிவிடக் கூடாது.

பொதுக்குழு அந்த விதிகளை ஏற்றுக்கொண்டது. பெட்டி, கடைவீதி பேக்கரியில் வாங்கிய சதுர பிஸ்கட் டின். மூடியில் உளியால் பிளவு போட்டு, இரண்டு பூட்டு. தூக்க ஒப்புக்கொண்டவர் எங்கள் லயத்தில் மளிகைக் கடை மட்டும் வைத்திருக்கும், சங்கத்தில் ஓட்டு இல்லாத பாய். வாட்ச் கட்டிக்கொண்டு பாதை முழுக்க நானே நடந்து பார்த்திருந்தேன். எட்டு வீட்டுக்கும் போய்த் திரும்ப ஒன்றேமுக்கால் மணி நேரம். இரண்டு மணிக்குக் கிளம்பினால் கால் மணி நேரம் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் பெட்டி இறங்கியது. மூன்று மணிக்கு மேல் மண்டபத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். மூன்றரை. மூன்றே முக்கால். கீழே பனி ஏறி, பாதை தெரியவில்லை. செயலாளர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாய் வந்தார். தொப்பி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

செயலாளர் பட்டியலைப் பார்த்தார். ஏழு பேருக்கு நேராக டிக் இருந்தது. "எட்டாவது?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். "தேத்தண்ணிம்மா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்களிடம், வாசலுக்கு வந்தவரைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்ன மாதிரி. அதிலும் வருஷக்கணக்காக உள்ளேயே கிடக்கிறவர்களின் வீட்டுக்கு, அவர்களைத் தேடி, மூன்று பேர் வருகிறார்கள். ஒரு வீட்டில் பீங்கான் கோப்பை தேடி எடுத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் வடை சுட்டு முடியும்வரை விடவில்லை. ஏழு வீட்டிலும் உட்கார்ந்து, ஏழு வீட்டிலும் குடித்திருக்கிறார்கள்.

"காலையில ஏழு வீட்டாளும் என் கடையிலதாம்மா சீனி வாங்குனாங்க" என்றார் பாய். "அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

எங்கள் வீட்டு வாசலில் நடந்ததையும் அவர்தான் சொன்னார். அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் வந்ததும் முதல் கேள்வியே, "மணி என்ன பாய்?"

"மூணு முப்பத்தெட்டுண்ணே."

"மேல போக எவ்வளவாகும்?"

"ஓடுனா இருவது நிமிஷம்."

கூட வந்த இரண்டு தரப்பு ஆட்களும், அன்றைக்கு முழுக்க ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காதவர்கள், இதில் மட்டும் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். "நாங்க ரெண்டு பேரும் வாட்ச்சைப் பத்து நிமிஷம் பின்னால வச்சுக்கிறோம்ணே. நீங்க போடுங்க."

"சுவத்துக் கடிகாரத்த என்ன பண்ணுவீங்க?" என்றாராம் அப்பா. "அந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம்ப்பா. பொட்டிக்குள்ள ஏழு பேரு இருக்காங்க. ஏன் நிக்கிறீங்க? வெரசா ஓடுங்க."

செயலாளர் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ள, அப்பாவுக்கு ஒரு ஓட்டுச் சீட்டக் குடுத்து விடவா? நான் கண்டுக்கல" என்றார். றெக்கை முளைக்கும் என்று சொன்ன அதே மனிதர்.

கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலு அடிச்சிருச்சு சார்" என்றேன்.

எண்ணி முடிக்கும் வரை நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தார். அம்மா என்னிடம் கண்ணைக் காட்டினாள், அழாதே என்று.

"உக்காரு" என்றார் அப்பா. "பேனாவ எடு. புகார் எழுதணும்."

"யாருக்குப்பா?"

"சங்கத்துக்கு."

"யார் மேல?"

"ஒம் மேலதான்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நேரம் கணக்குப் போட்டவர் இந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தேத்தண்ணியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தன் வீட்டைக் கடைசியில் வைத்தது நியாயத்துக்காக அல்ல, தன் பெருமைக்காக. என்னுடைய ஓட்டு அவருடைய பெருமைக்குச் செலவழிக்கக் கொடுத்தது இல்லை.' பெருமைக்காக என்ற இடத்தில் நான் பேனாவை நிறுத்தினேன். "எழுது புள்ள, எழுத்து விட்டுப் போவுது" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா பெருவிரல் ரேகை வைத்தார்.

அடுத்த பொதுக்குழுவில் அந்தப் புகாரை எழுந்து நின்று நானே வாசித்தேன். இந்த முறையும் கூட்டம் சிரித்தது. அது வேறு சிரிப்பு. பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. என் எழுத்தை ஒரு மனிதர் ஒரு வரி விடாமல் நம்பி, அதற்காக ஓட்டையும் இழந்து, அதில் ஓட்டை இருக்கிறது என்று என் கையாலேயே எழுத வைத்திருக்கிறார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

விதிகளைத் திருத்தினோம். பெட்டி பன்னிரண்டு மணிக்கே கிளம்பும். எந்த வீடு முதல் என்பதைப் பாதைதான் முடிவு செய்யும். தேத்தண்ணிக்குத்தான் பெரிய சண்டை. "வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பச் சொல்லுதா சட்டம்?" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில், கொடுக்க விரும்புகிறவர்கள் பிளாஸ்க்கில் ஊற்றி மண்டபத்துக்கு அனுப்பலாம், பெட்டி திரும்பிய பிறகு குடிக்கலாம் என்று முடிவானது.

இரண்டு வருஷம் கழித்து வந்த தேர்தலில், கீழ்ப்பாதையிலிருந்து தொடங்கியதால், எங்கள் வீடு இரண்டாவது. வீட்டார் வெளியே நிற்க வேண்டும் என்பதால் நானும் அம்மாவும் பாதையில் நின்றோம். அப்பா நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டார். பெட்டி போன பிறகு, "யாருக்குப்பா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதக் கேக்கக் கூடாதுன்னுதான சட்டம் எழுதுன?" என்றார். அன்றைக்கு எட்டுப் பேர் ஓட்டும் எண்ணப்பட்டது. மண்டபத்தில் பதினொரு பிளாஸ்க் வந்து நின்றது.

இது எங்கள் சங்கத்துக்குள் நடந்தது. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அப்பா இன்னும் கட்டிலில்தான். போன செவ்வாய்க்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடைக்கானல் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். அப்படியொரு விதியே இல்லை என்றார் அங்கிருந்த எழுத்தர். "தெரியும் சார், அதுக்காகத்தான் எழுதிட்டு வந்திருக்கேன்" என்று மனுவோடு எங்கள் விதிகளையும் இணைத்துக் கொடுத்தேன். எட்டுப் பேரின் ரேகைகளும் கையெழுத்துகளும் உள்ள நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கியாகிவிட்டது.