கோட்டை வளைவுக்கு முன்னால் எடுத்த படம்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த பிரகாசத்துக்கு ஊர்ச் சரித்திரப் பைத்தியம் பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தார். கல்யாணமோ சாவோ, அவர் எடுத்த படத்தைக் குறை சொன்னவர் கிடையாது. ஊரின் பழமையைக் காட்டக் கண்காட்சி வைக்கிறோம் என்று விழாக் குழு ஒன்று கிளம்பியது. குழுவினருக்கு ஊரின் பழமை தெரியாது, பிரகாசத்தைத் தெரியும். வேலையை அவர் தலையில் கட்டினார்கள்.

அவரும் சோறு தண்ணியில்லாமல் அலைந்தார். தாலுகா ஆபீசில் பழைய ஆவணக் கட்டுகள் சேலத்துக்குப் போய்விட்டதாகக் கைவிரித்தார்கள். பழைய படம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியதில் மலைக்கோட்டை கிடைத்தது, சந்தை கிடைத்தது. கோட்டை வளைவு மட்டும் கிடைக்கவில்லை. ரோட்டை அகலப்படுத்த அதை இடித்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. நின்றிருந்தவரை அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு படத்தில் அது முழுசாக இருந்தது. சாந்தம்மாவின் மகன் பெருமாள் காய்ச்சலில் செத்த அன்று பிரகாசமே எடுத்த படம். உயிரோடிருப்பவனைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்த வீடு அது. செத்தபின் அந்தப் பயம் இல்லை. குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, வெளிச்சத்துக்காகத் தெருவில் நாற்காலி போட்டு, துண்டால் இடுப்பைக் கட்டி உட்காரவைத்தார்கள். மூடிய கண்களைப் படத்தில் பிரகாசம் திறந்தமாதிரி வரைந்து கொடுத்தார். பின்னால் வளைவு. அதன் கண்ணாடி நெகடிவை எப்போதோ கழுவி, வேறு யார் படத்துக்கோ கண்ணாடியாகப் போட்டுவிட்டார். எல்லா ஸ்டூடியோக்காரரும் செய்ததுதான்.

சாந்தம்மா லேசில் கொடுக்கவில்லை. "வர்ற மாசம் அவன் தெவசம். படமில்லாம எதுக்குப்பா மால போடறது?"

"அதுக்குள்ள நானே கொண்டாந்து மாட்டிடறேன்க்கா. கர்த்தர் சாட்சி."

சட்டம் வேண்டாம், படம் மட்டும் போதும் என்று குழு சொல்லியிருந்தது. வெறும் சட்டத்தைச் சுவரில் திரும்ப மாட்டிவிட்டு வந்தார். நகல் எடுக்க ஒரு நாள் கேட்டார். நாளைக்கே திறப்பு விழா, பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எல்லாப் படங்களையும் மைதாப் பசை தடவித் தட்டிகளில் ஒட்டிவிட்டார்கள். பெருமாள் படத்தின் கீழே 'கோட்டை வளைவு. நாற்காலியில் அக்கால இளைஞர்' என்று எழுதியிருந்தது. "பையன் களையா இருக்கானே, இப்ப எங்க இருக்கான்?" என்று குழுத் தலைவர் கேட்டார். தலைவர் ஆயிற்றே, பதில் வரும்வரை நிற்பாரா? அடுத்த தட்டிக்குப் போய்விட்டார்.

ஓசூரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு பிரகாசம் திரும்பியபோது தட்டிகள் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு வேண்டுமென்று கேட்டார்களாம், குழு தாராளமாகக் கொடுத்துவிட்டதாம். முகாம் நடந்த வேப்பனப்பள்ளிக்கு பஸ் பிடித்து ஓடினார். பெருமாள் மேல் சிவப்பு முக்கோணம் ஒட்டியிருந்தது. இருந்த ஒரே பிள்ளையையும் வாரிக்கொடுத்தவள் வைத்திருந்த படத்தின் மேல், அளவோடு பெறச் சொல்லும் விளம்பரம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தார். முக்கோணத்தோடு முகமும் வந்துவிட்டது. வளைவு மட்டும் சேதமில்லாமல் நின்றது.

திவசத்தன்று வெறுங்கையோடு போய் நின்றார். வெறும் சட்டத்துக்கு சாந்தம்மா மாலை போட்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. உட்காரச் சொன்னாள்.

"பத்து வருசமா படத்தப் பாத்துப் பாத்து, அவன் நெசமான மூஞ்சி எனக்கு மறந்தே போச்சு. இப்ப அந்தப் படமும் இல்ல. நீ கிட்ட உக்காந்து கண்ணெல்லாம் வரஞ்சவன். எப்பிடி இருந்தான்னு நீ சொல்லு."

பிரகாசத்துக்கு நாற்காலி நினைவிருந்தது. வெயில் விழுந்த பக்கம் நினைவிருந்தது. வளைவின் ஒவ்வொரு கல்லும் நினைவிருந்தது. முகம் வரவில்லை. அகன்ற நெற்றி, அடர்ந்த புருவம், லேசாகச் சிரித்த உதடு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "இல்லப்பா, அது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இலை போட எழுந்தாள்.