விட்டுவிட்டு எரிந்த சிவப்பு விளக்கு

எங்கள் வேனில் ஆயில் பிரஷர் விளக்கு முதன்முதலாக எரிந்தது, மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும்போது. வடக்குப்பட்டில் கிளம்பி, ஒரகடம் தாண்டி, சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டி நிறையப் பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். டாஷ்போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. பிறகு அணையாமல் எரிந்தது. இஞ்சினுக்குள் எண்ணெய் ஏறாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி எல்லாம் போய்விடும். ஓரம்கட்டி அணைத்தேன்.

எண்ணெய் அளவு சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கைக் காணோம்.

"அண்ணா, லேட்டா போனா கேட்டாண்டயே நிறுத்திடுவாங்க," என்றாள் முன்சீட்டுப் பெண். கிளம்பினேன்.

அந்த வேன் அண்ணனுடையது. ஒரகடத்தில் இஞ்சின் செய்யும் ஆலை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். அவன் இருந்த உற்பத்தி லைனை மூடியதும், கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பழைய வேன் ஒன்றை வாங்கினான். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னையும் கூப்பிட்டுக்கொண்டான். காலையில் மண்ணூர் ட்ரிப் அவன், மதியம் வடக்குப்பட்டு ட்ரிப் நான். வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் அவனைத்தான் கேட்பேன். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அன்று விளக்கைப் பற்றிச் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலை தூக்கவில்லை.

"எனக்கு எரியலையே. நீ எத்தையோ பார்த்து பயந்துகினு கீற."

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஷெட் இருந்தது. அவர் அந்த விளக்கை எரியவைக்கும் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் மீட்டரை மாட்டி இஞ்சினை ஓடவிட்டார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "பிரஷர் நல்லா கீதுப்பா. சென்சார்தான் பூட்ச்சி," என்று புதிது போட்டார். அந்த வாரமே மறுபடி எரிந்தது. ஒயரை மாற்றினார். எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் சில நாள் நன்றாக ஓடும். இனி வராது என்று நினைக்கும்போது வரும். ரோட்டைவிட டாஷ்போர்டையே அதிகம் பார்த்து ஓட்டினேன். அண்ணனிடம் கேட்டால் அதே பதில்தான். அவன் ஓட்டும்போது வராதது நான் ஓட்டும்போது மட்டும் ஏன் வருகிறது? என் கிளட்ச், என் கியர், என் கால் எல்லாவற்றின் மேலும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் விளக்கு எரிந்து, திரும்ப ஸ்டார்ட் செய்தபின்னும் அணையவில்லை. பெண்கள் வெயிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அரை நாள் சம்பளம் போனது. மறுநாள் முன்சீட்டுப் பெண் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "இன்னொருவாட்டி நின்னா வேற வண்டி வச்சிக்கிறேன்," என்று எங்களுக்கு ட்ரிப் கொடுக்கும் கான்ட்ராக்டர் போனில் சொல்லி வைத்துவிட்டார்.

மெக்கானிக்கிடம் போனேன். "ஷெட்ல நின்னா வராதுண்ணே. ரோட்லதான் வருது. என்கூட வாங்க."

மீட்டரின் குழாயை இஞ்சின் மூடி வழியாக உள்ளே இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். காலி வண்டி. ஒரகடம் மேம்பாலம் தாண்டியதும் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. "நிறுத்து, நிறுத்து," என்றார். அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் வேன் ஆடியது. திரும்ப ஸ்டார்ட் செய்ததும் முள் பழையபடி ஏறி நின்றது.

"தப்பு தப்பா சொல்லிகினு இருந்துட்டேன்ப்பா," என்றார். "பம்பு எண்ணெய உறிஞ்சுற வாயில எதுவோ போய் ஒட்டிக்குது. ஆஃப் பண்ணா கீழ உழுந்துடுது. சம்ப்ப கழட்டிப் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கழற்றினார். அண்ணனும் வந்திருந்தான். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிதான் சம்ப். உள்ளே பம்பின் வாயை மூடியிருக்கும் சல்லடையில், சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி துண்டு துண்டாக ஒட்டியிருந்தது. தொட்டி ஒழுகாமலிருக்க ஓரத்தில் தடவும் பேஸ்ட்.

"யாரு இத ஒட்னது? இவ்ளோ பேஸ்ட்ட அப்பி வச்சிகிறாங்க. பிதுங்கி உள்ள உழுந்துகீது," என்றார் மெக்கானிக்.

"நாங்க இல்லண்ணே. வாங்கறதுக்கு முன்னாடி எவனாவது—" என்றேன்.

"நான்தான்," என்றான் அண்ணன்.

மழைக்காலத்தில் ரோட்டுப் பள்ளத்தில் சம்ப் அடிபட்டு ஒழுகியிருக்கிறது. நான் வீட்டில் இல்லாத ஒரு நாளில் அவனே கழற்றி, தட்டி நிமிர்த்தி, ஒட்டியிருக்கிறான்.

"அப்ப உனக்கும் எரிஞ்சிதா?"

"மொதல்லயிருந்தே எரிஞ்சிது."

"ஏன்ணா சொல்லல?"

ஷெட்டுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். "ஃபேக்டரில என் வேலையே அதாண்டா. சம்ப்புக்கு பேஸ்ட் போட்ற எடம். அங்க மெஷின் கோடு மாதிரி போடும். நான் பாத்து ஓகே பண்ணி அனுப்புவேன். கையால போட்டதே இல்ல." சல்லடையைக் காட்டி, "அதப் போய் எப்பிடி சொல்றது," என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை அத்தனை நாள் பைத்தியக்காரனாக நிற்க வைத்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் குனிந்து, சல்லடையில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தெடுக்க ஆரம்பித்தேன். மெக்கானிக் கை துடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

திரும்பி வந்து, இஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கைக் கழற்றிக் காட்டினார். எண்ணெய் போகாமல் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். முன்பே பார்த்திருந்தால் சல்லடையைக் கழுவி மாட்டியிருக்கலாம். இனி இஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டும். அவ்வளவு செலவை அந்த வண்டி தாங்காது.

பழைய இரும்புக்காரன் வந்து வண்டியை இழுத்துப்போனபோது அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். இப்போது அவன் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. நான் கான்ட்ராக்டரின் வண்டியை ஓட்டுகிறேன், அதே ட்ரிப்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம். தண்ணீர் வந்ததா, கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாயா என்று பேசிக்கொள்கிறோம். இப்போதெல்லாம் வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் அவனிடம் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.